மைனஸ் பதினான்கு வெற்றி

ஆறு ஆண்டுகளாகக் குழுவின் கணிப்பு ஒருமுறைகூடப் பலிக்கவில்லை. அதற்காக யோகோசுனா மினேகாசே ஆறுமுறை மன்னிப்புக் கேட்டிருந்தார்.

சுமோ மல்லர்களில் யோகோசுனாவுக்கு மேல் பதவி கிடையாது. அந்த இடத்திலிருந்து ஒருவரைக் கீழே இறக்கவும் முடியாது. தோற்றால் அவராகவே விலகிக்கொள்ள வேண்டியதுதான். எனவே அவர் எத்தனை முறை தோற்பார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் டோக்கியோவின் பெரிய மனிதர்களுக்கு எப்போதும் ஆர்வம் உண்டு. அந்த ஆர்வத்தை முறைப்படுத்துவதற்காகப் பிறந்ததுதான் யோகோசுனா ஆண்டு முன்கணிப்புக் குழு. ஆண்டுக்கு ஆறு தொடர், தொடருக்குப் பதினைந்து நாள், ஆக மொத்தம் தொண்ணூறு ஆட்டம். அவற்றில் அவர் எத்தனை வெல்வார் என்பதை ஜனவரி ஒன்றாம் தேதி குழு அறிவிக்கும். எண் அறுபதுக்கு மேலிருந்து அவர் அதை எட்டாமல் போனால், கண்ணியக் குறைவு. எண்ணைத் தாண்டிவிட்டால், பொதுமக்களின் நம்பிக்கையைக் குலைத்த குற்றம். எண்ணே நாற்பத்தைந்துக்குக் கீழே வந்தால், ஒரு வாரத்துக்குள் ஓய்வு பெறுமாறு அன்பான ஆலோசனை.

இதையெல்லாம் செய்யக் குழுவுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. யார் கொடுத்தது என்று கேட்டு ரத்துசெய்ய ஓர் ஆணைகூட இல்லாததால்தான் இத்தனை காலமாக யாராலும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

நவம்பர் கடைசியில் நேரில் வரச்சொல்லிக் குழுவிடமிருந்து தோகோகுராவுக்குக் கடிதம் வந்தது. அவருக்கு ஐம்பத்தொரு வயது. மினேகாசே இருக்கும் கட்சுராகி பயிற்சிக்கூடத்தில் மல்லர்களுக்குக் குடுமி கட்டுபவர். பதினைந்து வயதில் சீப்பைக் கையில் எடுத்தவர், இன்னும் கீழே வைக்கவில்லை. விரல்களில் குடுமி மெழுகின் வாசனை நிரந்தரமாகத் தங்கிவிட்டிருந்தது. ரயிலில் பக்கத்தில் உட்காருபவர்கள் யாரோ மல்லர் வருகிறார் என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஐந்தடி மூன்றங்குல மனிதரைக் கண்டு ஏமாந்துபோவார்கள்.

சுமோ அரங்கம் இருக்கும் ரியோகோகுவில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் குழு கூடியிருந்தது. ஒன்பது பேர். ஒவ்வொருவர் முன்னாலும் விலாங்குமீன் சோற்றுப் பெட்டி ஒன்று. நடுவில் தலைவர் ஹிரானுமா, முன்னாள் தூதர். ஓரத்தில் பேராசிரியர் நாகுரா, புள்ளியியல் நிபுணர். வாசலருகே செயலாளர் தகெமுரா அம்மையார் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கடந்த காலத்தைச் சுருக்கமாக எடுத்துரைத்தார். முதலிரண்டு ஆண்டுகள் மல்லரின் எடையை வைத்துக் கணித்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் மைதானத்து முரசுக் கோபுரத்தின் மேல் வீசும் காற்றின் திசையை வைத்து. கடைசி இரண்டு ஆண்டுகள் உறுப்பினர்களின் உள்ளுணர்வை வைத்து. எல்லா முறைகளுமே சிறப்பானவைதாம்.

"நாங்க சொன்னதுல தப்பே கிடையாது," என்றார் ஹிரானுமா. "நடந்ததுலதான் தப்பு. அத மல்லரே ஒத்துக்கிட்டு ஆறு கடுதாசி எழுதிக் குடுத்திருக்காரு. ஆனாலும் நாங்க பெருந்தன்மையா, இந்த வருஷம் விஞ்ஞானத்துக்கு ஒரு வாய்ப்புக் குடுக்கலாம்னு இருக்கோம்."

விஞ்ஞானம் பேராசிரியர் நாகுராவின் வடிவில் எழுந்து நின்றது. மல்லர்களின் முடி உதிர்தலுக்கும் தோல்விக்கும் உள்ள உறவை முப்பது ஆண்டுப் புகைப்படங்களிலிருந்து அவர் கண்டுபிடித்திருந்தார். குடுமி கட்ட முடி போதாத நாளில் மல்லர் விலகவேண்டும் என்பது ஊரறிந்த பேச்சு. அப்படியானால் சீப்பில் வரும் ஒவ்வொரு முடியும் அந்த நாளை நோக்கி எடுத்துவைக்கும் ஓர் அடி. ஆகவே தோகோகுரா வாரம் ஒருமுறை, புதன்கிழமை, யோகோசுனாவின் சீப்பிலும் துணியிலும் சேர்ந்த முடியை உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவர வேண்டும்.

தோகோகுரா தயங்கித் தயங்கி, சீப்பில் வருவது நாளுக்கு நாள் மாறும், வேறு காரணங்களும் உண்டு என்று சொல்ல ஆரம்பித்தார். தலைவர் புன்னகைத்தார்.

"நீங்க கைவேலைக்காரர். நாங்க சிந்திக்கிறவங்க. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பார்ப்போம்."

கூடத்துக்குத் திரும்பி அதன் தலைவரான வாத்தியாரிடம் சொன்னபோது, அவர் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே, குழு கேட்டால் கொடுத்துவிட வேண்டும், விஷயம் முடியோடு முடியட்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்.

மறுநாள் காலை, பயிற்சி முடிந்து குளித்துவிட்டு மினேகாசே வந்து பாயில் உட்கார்ந்தார். நூற்று ஐம்பத்தெட்டு கிலோ. கோடைக்காலத்திலிருந்தே அவர் தலையை இடதுபக்கம் சாய்ப்பதில்லை என்பது அந்தக் கூடத்தில் தோகோகுராவுக்கு மட்டும் தெரியும். இடப்பக்கம் வாரவேண்டுமானால் தோகோகுராதான் எழுந்து சுற்றிக்கொண்டு வருவார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அன்று மினேகாசே தானாகவே பேசினார்.

"குராண்ணே, ஜனவரித் தொடர்ல மொத நாள் எனக்கு யாருகூட ஆட்டம்னு நெனக்கிற?"

"அசாகிரியா இருக்கலாம்."

"அவனேதான். மூணு தடவ என்னைச் சாய்ச்சுட்டான். மூணு தடவயும் நான் அவன் கச்சைய ஒழுங்காப் பிடிக்கவே இல்ல. ஒரே ஒரு தடவ பிடிச்சுப் பாத்துரணும். அதுக்கப்பறம் என்னவோ ஆகட்டும்."

அசாகிரிக்கு இருபத்திரண்டு வயது. பக்கவாட்டில் பாய்ந்து தள்ளிவிட்டு ஓடுகிறவன். தோகோகுரா சீப்பை மெழுகில் தொட்டுக்கொண்டார். ஆனால் அந்த வாக்கியம் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. ஜனவரி ஒன்றில் வெளிவரும் எண் நாற்பத்தைந்துக்குக் கீழே இருந்துவிட்டால், ஏழாம் தேதிக்குள் மினேகாசே விலகியாக வேண்டும். தொடரே பதினோராம் தேதிதான் தொடங்குகிறது.

முதல் புதன்கிழமை வந்தது. அது உச்சந்தலை மழிக்கும் நாளாகவும் இருந்தது.

மல்லர்களின் முடி அடர்த்தியானது. அப்படியே விட்டால் குடுமி படியாது. மேலே தூக்கிக்கொண்டு, முட்டைமேல் உட்கார்ந்த கோழிபோல ஆடும். அதனால் உச்சந்தலையில் ஒரு தேநீர்த் தட்டளவு இடத்தைக் கத்தியால் மழித்துவிட்டு, சுற்றியுள்ள முடியைச் சேர்த்து அதன்மேல் படியவைத்துக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் வெளியே தெரியாது. குளியலறைக்குத் தண்ணீர் சுமக்கிறவன்வரை கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. குழு கேட்டது சீப்பிலும் துணியிலும் சேர்ந்த முடியை. மழித்த துணுக்குகள் துணியில்தான் இருந்தன. தோகோகுரா நேர்மையான மனிதர். அத்தனையையும் உறையில் போட்டு ஒட்டினார்.

பேராசிரியரின் உதவியாளர்கள் இடுக்கியால் எண்ணினார்கள். ஐந்நூற்று எழுபத்திரண்டு.

பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஐந்தரை முடிக்கு ஒரு தோல்வி. ஆக, நூற்று நான்கு தோல்வி. மொத்த ஆட்டங்களே தொண்ணூறு என்பதால், வரும் ஆண்டில் யோகோசுனா மினேகாசே பெறப்போகும் வெற்றி மைனஸ் பதினான்கு.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு முன்னாள் வங்கி இயக்குநர், மைனஸ் வெற்றி என்றால் நடைமுறையில் என்ன பொருள் என்று கேட்டார். முந்தைய ஆண்டு வெற்றிகளில் பதினான்கைத் திருப்பித்தர வேண்டியிருக்கும் என்று பேராசிரியர் விளக்கினார். யாரிடம் திருப்புவது, தோற்றவர்கள் அதை வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர்களா, அவர்களில் இருவர் ஓய்வுபெற்று உணவகம் வைத்திருக்கிறார்களே, அவர்களுக்குத் தபாலில் அனுப்பலாமா என்றெல்லாம் ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் ஆண்டிறுதி வேலைப்பளு காரணமாக இது ஒத்திவைக்கப்பட்டது.

தோகோகுரா வெளியே வந்து, படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினார். ஐந்தரை என்ற எண் அவருடைய மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து அவர் நிலைகொள்ளவில்லை. ரயிலில் எதிரே இருப்பவரின் கோட்டுத் தோளில் விழுந்த முடியை எண்ணி, இவருக்கு இந்த ஆண்டு இரண்டு தோல்வி என்று கணக்குப் போட்டார். கூடத்துப் பூனை தூணில் உரசிக்கொண்டு போனால் நெஞ்சு திடுக்கிட்டது. காலையில் வாரும்போது சீப்பை அழுத்தவே பயந்தார். மினேகாசே, என்ன அண்ணே தூசி தட்டறியா என்று கேட்டார்.

இரண்டாவது புதன்கிழமை பயத்தில் கத்தியைத் தொடவே இல்லை. சீப்பில் வந்ததையும் பெரும்பாலும் மடித்துத் தன் இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டு, பதினொரு முடியை மட்டும் உறையில் போட்டார். பதினொன்றுக்கு இரண்டு தோல்வி. எண்பத்தெட்டு வெற்றி.

இப்போது அறையே எழுந்து நின்றது. சுமோ வரலாற்றில் நடக்காதது நடக்கப்போகிறது. ஆறு தொடரிலும் வெற்றிக்குப் பின் கையில் பிடித்துப் படமெடுத்துக்கொள்ள ஆறு பெரிய செம்மீன்களுக்கு இப்போதே சொல்லிவைக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். ஹிரானுமா கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"எண்பத்தெட்டுன்னு நாங்க சொன்னப்பறம் எண்பத்தேழு ஜெயிச்சாருன்னா, அதப் பொறுத்துக்கிற மனசு இந்த நாட்டுக்குக் கிடையாது. அத இப்பவே அவருகிட்ட சொல்லிருங்க. அன்பா சொல்லுங்க."

படி இறங்கும்போது தோகோகுராவுக்குப் புரிந்தது. குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. நாற்பத்தைந்துக்கு மேல், அறுபதுக்குள். யாரும் ஓய்வு பெறச் சொல்லாத, யாரும் எதிர்பார்த்து ஏமாறாத ஓர் எண் வேண்டும். ஐம்பத்திரண்டு என்று முடிவு செய்தார். ஐம்பத்திரண்டு வெற்றி என்றால் முப்பத்தெட்டு தோல்வி. முப்பத்தெட்டு தோல்வி என்றால் இருநூற்று ஒன்பது முடி.

வாரம் முழுக்கச் சேர்த்துவைத்தார். சமையலறைப் பலகையில், முள்ளங்கி நறுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி விரித்துப் பத்துப் பத்தாக அடுக்கினார். யாராவது கதவைத் திறந்தால் காற்றில் இரண்டு தோல்வி பறந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் இருநூற்று இரண்டில் நின்றது. புதன் காலை வாரியபோது சீப்பில் ஒன்றுகூட வரவில்லை. தோகோகுரா பல்லைக் கடித்துக்கொண்டு, மினேகாசேயின் பின்னந்தலையிலிருந்து ஏழு முடியைப் பிடுங்கினார்.

உறையைக் கொடுத்தார். இருநூற்று ஒன்பது. ஐம்பத்திரண்டு வெற்றி. பேராசிரியர் தலையாட்டினார். தோகோகுரா முதன்முறையாக மூச்சுவிட்டார்.

அப்போது பேராசிரியர் கரும்பலகை பக்கம் திரும்பி, மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். மைனஸ் பதினான்கு, எண்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. விஞ்ஞானத்தில் ஒற்றை முடிவுக்கு மதிப்பில்லை என்றும், சராசரிதான் உண்மை என்றும் சொல்லி, கூட்டி, மூன்றால் வகுத்தார்.

நாற்பத்திரண்டு.

செயலாளர் தகெமுரா அம்மையார் ஓய்வு ஆலோசனைக் கடிதத்தின் அச்சடித்த படிவத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார். தேதி மட்டும் எழுதவேண்டியிருந்தது.

அந்தப் படிவத்தில் ஒரு விதி இருந்தது. ஆலோசனை வழங்குமுன் குழு மல்லரின் குடுமியை நேரில் பார்வையிட வேண்டும். டிசம்பர் இருபத்து நான்காம் தேதி மினேகாசே வரவழைக்கப்பட்டார். முறையான உடையில், முறையான குடுமியில். முறையான குடுமி என்றால் பின்னால் விசிறிபோல விரிந்து, உச்சியில் ஒட்டிப் படிந்து இருக்கவேண்டும். மூன்று வாரம் மழிக்காத தலையில் அது நடக்காது. வேறு வழியில்லாமல் அன்று காலை தோகோகுரா உச்சந்தலையைச் சுத்தமாக மழித்தார்.

அறையின் நடுவில் ஒரு மெத்தையில் மினேகாசே மண்டியிட்டு உட்கார்ந்தார். ஹிரானுமா அவர் கருத்தைக் கேட்டார்.

"ஒவ்வொரு ஆட்டமா பாத்துக்கறேங்க."

தகெமுரா அம்மையார் எழுதவில்லை. அந்த வாக்கியம் படிவத்திலேயே அச்சாகியிருந்தது. எந்த மல்லரும் வேறெதுவும் சொன்னதில்லை.

பிறகு குடுமியை அவிழ்க்கச் சொன்னார்கள். தோகோகுரா முடிச்சை வெட்டிக் கலைத்தார். முடி தோளில் இறங்கியது. ஒன்பது பேரும் வரிசையாகச் சுற்றிவந்தார்கள். ஹிரானுமாவுக்காக ஒரு முக்காலி போடப்பட்டது. அவர் ஏறி நின்று குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, இறங்குவதற்குப் பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல ஒண்ணுமே இல்ல," என்றார். "முப்பது வருஷமா வளையத்துக்குப் பக்கத்துல உக்காந்து, இந்த மாதிரித் தலைகளுக்கு முன்னாடி தலைவணங்கிருக்கோம். உள்ள இவ்வளவு பெரிய பள்ளம் இருந்திருக்கு. யாரும் சொல்லல."

நாற்பத்திரண்டு என்பதே தாராளம் என்று வங்கி இயக்குநர் முணுமுணுத்தார். தகெமுரா அம்மையாரின் பேனா தேதிக் கட்டத்துக்கு மேல் போய் நின்றது.

தோகோகுரா தான் பேசப்போவதை அறியாமலேயே பேசினார்.

"ஐயா, அது உதிர்ந்ததில்ல. நான் மழிச்சது."

ஒன்பது தலைகள் திரும்பின.

"இன்னிக்குக் காலையிலதான் மழிச்சேன். அப்பதான் குடுமி படியும். எல்லா மல்லருக்கும் பண்றதுதான். மொத உறையில இருந்ததும் அதுதான். சீப்புல வந்ததில்ல, கத்தில வந்தது."

"எத்தன வருஷமா இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டார் ஹிரானுமா. குரலில் ஏதோ மாறியிருந்தது.

"இவருக்குப் பதினெட்டு வருஷமா, ஐயா."

குழு கலந்தாலோசிக்க விரும்பியது. வளையத்தில் தீர்ப்பில் சந்தேகம் எழுந்தால் நடுவர்கள் ஐந்து பேர் மண்மேடையில் ஏறி வட்டமாக நின்று பேசுவார்கள். அதே மரபைப் பின்பற்றி, அறையின் மூலையில் இதற்கென்றே கட்டிவைத்திருந்த அரையடி உயர மரமேடையில் ஐந்து உறுப்பினர்கள் ஏறி, கைகளைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வட்டமாக நின்றார்கள். எதிரே எட்டடி தூரத்தில் மினேகாசே தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தார். ஒலிவாங்கி இல்லாமலேயே எல்லாம் கேட்டது. ஆனாலும் ஹிரானுமா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"ஆலோசனையின் முடிவைத் தெரிவிக்கிறேன். கடந்த ஆறு வருஷமும் நம்ம கணிப்பு சரியாத்தான் இருந்திருக்கு. வெளியிலிருந்து ஒருத்தர் கத்திய வச்சு மல்லரோட தலையில தலையிட்டதால, நடப்பு தடம் மாறிப்போச்சு. காரணம் கண்டுபிடிக்கப்பட்டுடுச்சு. காரணம், குடுமிக்காரர் தோகோகுரா."

கைதட்டல் எழுந்தது. சிலர் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். பேராசிரியர் நாகுரா மட்டும் கையை உயர்த்தி, அந்த ஆறு ஆண்டுகளில் கணிப்புக்கு முடியே பயன்படுத்தப்படவில்லையே, எடையும் காற்றும் உள்ளுணர்வும்தானே என்றார்.

"பேராசிரியரே," என்றார் ஹிரானுமா அன்பாக, "காரணம் கெடச்சப்பறம் முறையப் பத்திப் பேசறது மரியாதையில்ல."

பேராசிரியர் உட்கார்ந்தார்.

மினேகாசேயின் ஆறு மன்னிப்புக் கடிதங்களும் ரத்தாகின. அவற்றுக்குப் பதிலாகத் தோகோகுரா ஒரே கடிதத்தில் ஆறு ஆண்டுகளுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும். தகெமுரா அம்மையார் எழுதிக்கொண்டே, அப்படியானால் இந்த ஆண்டுக்கான எண் என்ன என்று கேட்டார். ஹிரானுமா யோசித்தார். கத்தி பட்ட தலையிலிருந்து கணிப்பது அறிவியல் ஆகாது. ஆகவே குற்றவாளி கையெழுத்திட்டால் இந்த ஆண்டு எண் இல்லை. ஓய்வு ஆலோசனையும் இல்லை. கையெழுத்திடாவிட்டால், நாற்பத்திரண்டு.

இன்னொரு வரியும் சேர்க்கப்பட்டது. ஜனவரித் தொடரின் பதினைந்து நாளும் தோகோகுரா குடுமி கட்டக்கூடாது.

முப்பத்தாறு ஆண்டுகளில் அவர் ஒரு தொடரைக்கூடத் தவறவிட்டதில்லை. ஐந்நூற்று எழுபத்திரண்டையும் இருநூற்று ஒன்பதையும் நினைத்த அளவுக்கு அவர் இதை நினைக்கவில்லை. முத்திரை கொண்டுவரவில்லை என்றார். பெருவிரல் போதும் என்றார்கள். மை தொட்டு வைத்தார். மெழுகேறிய விரலில் மை ஒட்டவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். எட்டுமுறை வைத்தும் தாளில் எண்ணெய்ப் பொட்டுதான் விழுந்தது. தகெமுரா அம்மையார் கீழே இப்படிக் குறித்தார்: கைரேகை தெளிவில்லை, வருத்தம் தெளிவு.

சுமிதா ஆற்றோரம் இருவரும் நடந்தார்கள். மினேகாசே முடியை ஒரு துணியால் கட்டியிருந்தார். பாலத்தருகே வந்ததும் பின்னந்தலையைத் தடவிக்கொண்டார்.

"அண்ணே, போன புதன்கெழம எம் பின்னந்தலையில என்னமோ பண்ணுன."

"ஏழு முடி கொறஞ்சுது."

"ஏழு தடவ வலிச்சுது," என்றார் மினேகாசே. "பூரான்னு நெனச்சேன்."

ஜனவரி பதினோராம் தேதி, முதல் நாள். மற்றொரு கூடத்திலிருந்து வந்த குடுமிக்காரர் காலையில் மினேகாசேயின் உச்சந்தலையைத் தேநீர்த் தட்டளவு மழித்து, விசிறிக் குடுமி கட்டி அனுப்பினார். தோகோகுரா கூடத்துச் சமையலறையில், கோழிக் குழம்பு கொதிக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தொலைக்காட்சி பார்த்தார். உட்கார முடியவில்லை. கையில் சீப்பு இல்லாததால் கரண்டியைப் பிடித்திருந்தார்.

அசாகிரி வழக்கம்போல் பக்கவாட்டில் பாய்ந்தான். மினேகாசே திரும்பினார். இடதுபக்கம் திரும்பினார், கழுத்தோடு. தோகோகுராவுக்குத் தன் கழுத்து சுளுக்கியதுபோல இருந்தது. ஆனால் வலதுகை போய்க் கச்சையைப் பிடித்துவிட்டது. நான்கு விரலும் உள்ளே. பிறகு அவர் எதுவுமே செய்யவில்லை. பிடித்தபடி நின்றார். ஒரு நிமிடம். அசாகிரி உதறினான், குலுக்கினான், நெற்றியால் முட்டினான். இரண்டு நிமிடம். அரங்கம் முதலில் கத்தி, பிறகு அடங்கிவிட்டது. பின்பு மினேகாசே, கதவருகே வந்த விருந்தாளியை வழியனுப்புவதுபோல, அவனை ஒவ்வொரு அடியாக நடத்திக்கொண்டுபோய் வளையத்துக்கு வெளியே வைத்தார்.

மாலையில் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. இன்றைய முடிவு, குழு வெளியிடாத கணிப்போடு எல்லா வகையிலும் ஒத்துப்போகிறது. ஏழாம் ஆண்டில் குழு பெற்றிருக்கும் இந்த வெற்றிக்கு உறுப்பினர்கள் பணிவுடன் நன்றி தெரிவிக்கிறார்கள்.

மினேகாசே கூடத்துக்குத் திரும்பி வந்து, வழக்கமான பாயில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தலை நேராக இருந்தது. இப்போது வலதுபக்கமும் சாய்க்க முடியவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. நாளை மருத்துவரிடம் போவதாகவும், அதன்பிறகு விலகுவதைப் பற்றி வாத்தியாரிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

தோகோகுரா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் தொடக்கூடாது. பதினஞ்சு நாளு."

"கட்டத்தானே கூடாது. அவுக்கவுமா?"

கடிதத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. தோகோகுரா மண்டியிட்டு, அடுத்தவர் கட்டிய முடிச்சை அவிழ்த்து, எழுந்து சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, சீப்பை அழுத்தி வாரினார். பல்லில் சிக்கிவந்த முடியைத் துணியில் துடைத்தார்.

"எத்தன இருக்கு?" என்றார் மினேகாசே, கண்ணை மூடிக்கொண்டே.

"எண்ணல," என்றார் தோகோகுரா. துணியை உதறினார்.